நாலு பேருக்கான படகு

லுணுகலைச் சந்தியைத் தாண்டிக் கார் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறியபோதே ஸைனபுக்கு வாய் கசந்தது. முன் ஆசனத்தில் இருந்த தம்பி காமில் தன் படகைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவன், மழைக்காலத்தில் பாலத்தைக் கடக்கும்போது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்பவன், இப்போது ஒரு படகுக்குச் சொந்தக்காரன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம் அது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை தன் சாமான்களை விற்றபோது கட்டில் வாங்கியவர்கள் இருந்தார்கள், தையல் மெஷின் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒன்றும் புரியாதவன் ஒருவன் வேண்டுமே, படகை வாங்க. தேயிலைத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுப்பதற்காக ஓடையை மறித்துக் கட்டிய குளத்தில்தான் அது கிடந்தது. வாங்கிய பிறகும் அங்கேயே கிடந்தது.

ஸைனப் வாழ்க்கைப்பட்டது மட்டக்களப்பில். அவளுடைய கணவர் வாவியில் தோணி ஓட்டி நெல் ஏற்றியவர். அத்தனை காலம் தண்ணீரில் கிடந்தும் கடைசியில் வீட்டுக் கட்டிலில் காய்ச்சலில் மௌத்தானார். ஒரு தோணிக்காரனின் திறமைக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது என்பது ஸைனபின் எண்ணம். அவர் போன பிறகு பதுளைக்குத் திரும்பியவளின் மடியில், தாயைத் தின்றுவிட்டுப் பிறந்தது என்று ஊர் வாய் பேசிய தன் குழந்தையைக் காமில் போட்டான். அந்த நளீராதான் இன்று பின் ஆசனத்தில் மாமியின் தோளில் சாய்ந்து வந்துகொண்டிருந்தாள். அவளைத் தங்கள் மகனுக்குப் பெண் பேச வந்த பண்டாரவளைக்காரர்களுக்குக் குளக்கரையில் பகல் சாப்பாடு போட்டு, படகிலும் ஏற்றிக் காட்ட வேண்டுமாம். காமிலின் யோசனை.

மரக்கறி மொத்தமாக ஏற்றி அனுப்பிப் பணக்காரரான குடும்பம் அது. அஸீஸ் ஹாஜியார் சாதுவான மனிதர். அவருடைய மனைவி நூருல் இனாயா அப்படியில்லை. கையில் காப்பு, கழுத்தில் மாலை, கண்ணில் தராசு. நளீரா எப்படி நடக்கிறாள், எப்படிச் சோறு வைக்கிறாள், வீட்டுப் பெரியவள் எப்படிப் பேசுகிறாள் என்று எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டே இருந்தாள். ஸைனப் முதுகை நிமிர்த்திக்கொண்டு, நிறுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்பாகவே அவள் படகைப் பார்க்கப் போயிருந்தாள்.

புதுப் பணக்காரன் கையில் கிடைத்த படகு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பச்சைச் சாயம் பளபளத்தது. நடுவில் ஒரு கம்பளம். கம்பளத்தின் மேல் மெத்தை வைத்த கைக்கதிரை ஒன்று, விருந்து மண்டபத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவது போல.

"கதிர என்னத்துக்கு?" என்று கேட்டாள் ஸைனப்.

"சம்பந்தியம்மா ஒக்கார."

"அவ ஒக்காருவா. தோணியும் சேந்து ஒக்காந்துரும். எடு அத."

காமில் சிரித்தான். இது குளம், கடலில்லை என்றான். தண்ணீருக்கு அது தெரியாது என்றாள் அவள். படகின் அடியில் நீர் வடிக்கும் துளைக்கு மூடி இல்லை, துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே வரும் தண்ணீரை இறைக்க ஒரு சிரட்டைகூட இல்லை. பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை. துரை கொடுத்த தக்கை வைத்த மிதவைச் சட்டைகளில் வெள்ளைக்காரன் வேர்வை நாறியதால் அவற்றை எறிந்துவிட்டானாம். கார் ஓட்டுபவன் தலைக்கு வைத்துப் படுக்க எடுத்த ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

வாப்பாவின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்கிற ஒருவனுக்கு இவ்வளவு மூளைதான் என்பதை ஸைனப் அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். கதிரை கரைக்குப் போனது. மரக்கட்டையைச் செதுக்கித் தும்பு சுற்றித் துளையில் அறைந்தார்கள். பால்மா டின் ஒன்று இறைப்பதற்கு வந்தது. பின்பக்க வளையத்தில் நீளமான கயிறு கட்டினார்கள். கரையில் நின்ற தோட்டத்துக் காவல்காரன் மாரிசாமியிடம், பனிமூட்டம் இறங்கினால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்படி சொன்னாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இடையில் பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

மிச்சமிருந்த மிதவைச் சட்டையை நளீராவுக்குக் கட்டிவிட்டபோது நூருல் இனாயா உதட்டைச் சுழித்தாள்.

"மாட்டுக்குக் கழுத்துல கட்ட போட்ட மாதிரி ஈக்கி, ராத்தா."

"மாடு வெலைக்கு வாங்குறது. இது எங்கட புள்ள," என்றாள் ஸைனப்.

படகைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. துரை போட்டது. பாரம் ஏற்றிய பிறகும் அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு நாலு பேர்தான் கணக்கு. அஸீஸ் ஹாஜியார் தாமும் ஏறலாமா என்று கேட்டார். சம்பந்தி என்றும் பாராமல் ஸைனப் முடியாது என்று சொல்லிவிட்டாள். காமில் துடுப்பில். நடுப்பலகையில் நூருல் இனாயாவும் நளீராவும். பின்பலகையில் ஸைனப். ஏறி அமர்ந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கோடு நீருக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் சுத்தமாகத் தெரிந்தது.

குளத்தின் நடுவை அடையும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது. அக்கரையில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. காமில் துடுப்பை ஒழுங்காகப் போடத் தெரியாமல் போட்டு, நூருல் இனாயாவின் சேலையை நனைத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி நனைத்தான்.

அப்போதுதான் மலையிலிருந்து மூட்டம் இறங்கியது.

ஊவா மலையில் மூட்டம் இறங்குவது புதிய விஷயம் இல்லை. ஆனால் இது ஓடி வரவில்லை. ஒரு கதவைச் சாத்துவது போல வந்து மூடிக்கொண்டது. லயத்துக் கூரைகள் போயின. கரை போனது. காமிலின் துடுப்பு நுனியும் மங்கியது. எங்கோ பின்னால் மாரிசாமி தகரத்தைத் தட்ட ஆரம்பித்தான்.

"திருப்பு," என்றாள் ஸைனப். "சத்தத்தப் பாத்துப் போ. யாரும் எழும்பாதீங்க."

காமில் படகைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒரு வாடை வந்தது. நனைந்த புதுத்துணியின் வாடை. கஞ்சி போட்ட சீத்தைத் துணி மழையில் ஊறிப் பெட்டிக்குள் கிடந்தால் வருவது. புடவைக்கடைக்காரரின் மகளுக்கு அந்த வாடை தெரியாமல் போகாது.

பிறகு அந்தக் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

வயதான ஆணின் குரல். மரியாதையான, களைத்த குரல். வாசலில் நின்று கூப்பிடும் வியாபாரியின் குரல். படகின் இடப்பக்கத்திலிருந்து வந்தது.

இடப்பக்கத்தில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

காமிலின் துடுப்பு நின்றது. நளீரா மாமியைத் திரும்பிப் பார்த்தாள். ஸைனபின் பார்வை நூருல் இனாயாவிடம் போனது. அவள் வாயை இறுக்கிக்கொண்டு, கண்களை மட்டும் அகலத் திறந்து, ஸைனபையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பயமா, பரீட்சையா என்று ஸைனப் யோசிக்கவில்லை. சொன்ன சலாத்துக்குப் பதில் சொல்லாத வீட்டில் பெண் எடுக்கப் பார்த்தோம் என்று நாளைக்குப் பண்டாரவளை முழுக்க இவள் சொல்லித் திரிவாள். ஸைனபின் வாப்பா கடையில் இருந்த காலத்தில் பிச்சைக்காரனின் சலாமும் பதில் இல்லாமல் திரும்பியதில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றாள் ஸைனப், தெளிவாக.

படகு இடப்பக்கம் சாய்ந்தது.

கவனமாக ஒரு கால். பிறகு மற்றக் கால். பழக்கமுள்ள ஒருவர் விளிம்பைத் தாண்டி ஏறுவது போல. பிறகு படகு நிமிர்ந்து நின்றது.

"ஏன் ராத்தா பதில் சொன்னீங்க?" என்று முனகினாள் நூருல் இனாயா. "ஆளப் பாக்காம யாராவது பதில் சொல்லுவாங்களா?"

ஸைனப் குனிந்து வெளியே பார்த்தாள்.

வெள்ளைக் கோட்டைக் காணவில்லை.

துளையை நினைத்துக் காலடியைத் தடவினாள். படகின் உட்புறம் காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஒழுக்கு இல்லை, ஓட்டை இல்லை. பாரம் மட்டும் கூடியிருந்தது. அவளுக்கும் நடுப்பலகைக்கும் இடையில் கிடந்த கம்பளம், யாரோ சம்மணமிட்டு அமர்ந்தது போலக் குழிந்திருந்தது. குழியைச் சுற்றி ஈரம் மெல்லப் பரவியது.

"காமில், வலி."

அவன் வலித்தான். தகரத்தின் சத்தம் நெருங்கவில்லை. ஒவ்வொரு வலிப்புக்கும் படகு இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது. விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண். ஈரமாக ஈரமாகப் பாரம் ஏறுகிற சாமான் துணிமூட்டைதான் என்பது ஸைனபுக்குத் தெரியும்.

பாரம் கூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அசையக் கூடாது, எழும்பக் கூடாது, வேண்டாததை வீச வேண்டும். படகில் பலகாரத்தோடு ஏற்றியிருந்த, பலர் கூடி உண்ணும் பெரிய சஹன் தட்டும் வெற்றிலைப் பெட்டியும் தண்ணீருக்குப் போயின. வெள்ளி வெற்றிலைப் பெட்டி நூருல் இனாயாவுடையது. அவளே எடுத்து நீட்டினாள். ஸைனப் பால்மா டின்னை எடுத்தாள். இறைப்பதற்குத் தண்ணீர் இல்லை. டின்னைக் கீழே வைத்தாள்.

கம்பளத்தை இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

ஆபத்தில் காவலுக்குச் சொல்லும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். பாதி வழியில் மூச்சு முட்டி ஒரு சொல் தப்பியது.

குழிந்த கம்பளத்திலிருந்து அந்தச் சொல்லை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். உச்சரிப்புத் தவறாமல். பிறகு அவளோடு சேர்ந்து, அவளுக்குக் கொஞ்சம் பின்னால், கடைசிவரை ஓதினார்கள்.

நளீரா அழ ஆரம்பித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, படகை அசைக்காமல் அழுதாள். மாமி வளர்த்த பிள்ளை.

அந்த அழுகைதான் ஸைனபின் முதுகை மறுபடி நிமிர்த்தியது. பயம் எங்கேயோ இருந்தது. அதற்கு மேலே கோபம் வந்து உட்கார்ந்தது. அழைக்காத விருந்துக்கு வந்து சஹனில் கை வைப்பவனைப் பார்ப்பது போல அவள் அந்தக் குழியைப் பார்த்தாள்.

"பாரம் ஏத்தின தோணி இது," என்றாள் தாழ்ந்த குரலில். "கேக்காம ஏறுறது எந்த ஊரு மொறை?"

மூட்டத்துக்குள்ளிருந்து, மிக அருகில், மிகப் பணிவாக:

"நீங்கதானே தங்கச்சி பதில் சொன்னீங்க. நான் எத்தன பேருக்கு சலாம் சொன்னேன்."

தங்கச்சி. அவளை அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது.

நீர் விளிம்பைத் தொட்டது. ஒரு நாக்கு உள்ளே வந்து நளீராவின் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. இன்னொரு முறை வந்தால் திரும்பிப் போகாது.

நாலு பேருக்கான படகில் ஐந்தாவது ஆளை ஏற்றியது யாருடைய வாய்? காமிலின் வாய் இல்லை. மரக்கறிக்காரியின் வாயும் இல்லை. விருந்தாளியை ஏற்றியவள் இறங்கினால் விருந்தாளிக்கு அங்கே என்ன வேலை?

ஸைனப் செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். பின்பக்கக் கயிற்றின் நுனியைத் தன் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினாள்.

"ராத்தா, என்ன செய்றீங்க?" என்றான் காமில்.

"வாய மூடிட்டு வலி. நான் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத."

பக்கவாட்டில் இறங்கினால் படகு கவிழும். மூளையில்லாதவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். அவள் பின்விளிம்பில் அமர்ந்து, முதுகைப் படகுக்குக் காட்டி, மெதுவாகச் சறுக்கினாள். மலைத் தண்ணீரின் குளிர் நெஞ்சைப் பிடித்து இறுக்கியது. மூச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, படகை நோக்கிச் சொன்னாள்:

"நான் எறங்கிட்டேன். நீங்களும் எறங்குங்க."

படகின் பின்பக்கம் ஒரு முறை ஆழமாக அமிழ்ந்தது.

பிறகு முழுவதும் மேலே எழுந்தது. வெள்ளைக் கோடு நீரிலிருந்து வழுவழுவென்று வெளியே வந்தது. காமில் போட்ட அடுத்த வலிப்புக்குப் படகு முன்னால் பாய்ந்தது. நளீரா மாமியைக் கூப்பிட்டுக் கதறியது கேட்டது. நல்லது. கதறட்டும். கதறுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது.

ஸைனபின் முதுகில், தோளுக்கும் தோளுக்கும் நடுவே, ஈரத்துணி மூட்டை ஒன்று வந்து அமர்ந்தது. இரண்டு குளிர்ந்த கைகள் அவள் கழுத்தைச் சுற்றி, நெரிக்காமல், விழாமல் இருப்பதற்காக மட்டும் பிடித்துக்கொண்டன.

படகின் பின்னால் கயிற்றில் இழுபட்டுக் கரைக்கு வந்த அவளை மேலே இழுத்துப் போட காமிலும் மாரிசாமியும் கார்க்காரனும் சேர்ந்தார்கள். அப்படியும் ஒரு தடவையில் முடியவில்லை. மெலிந்த பெண்பிள்ளை இவ்வளவு கனமா என்று கார்க்காரன் வாய்விட்டே சொன்னான். அஸீஸ் ஹாஜியார் தம்முடைய கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நளீரா அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

மாரிசாமி தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றபடி, கேட்காமலே சொன்னான். பழைய துரை காலத்தில் பொட்டணி வியாபாரி ஒருவர் துணிமூட்டையோடு அக்கரை லயத்துக்குப் போக இந்தப் படகில் இடம் கேட்டாராம். ஏற்கெனவே நிறைந்திருந்த படகில் ஏற்றிக்கொண்டார்களாம். நடுக்குளத்தில் கவிழ்ந்தபோது மற்றவர்கள் எப்படியோ கரை சேர, முதுகில் கட்டிய மூட்டையோடு அவர் மட்டும் போய்விட்டாராம்.

"மூட்டம் விழுந்தா அந்தச் சத்தம் எங்களுக்கும் கேக்கும்ங்க," என்றான். "அது எங்களுக்குச் சொல்ற சலாம் இல்லைங்களே. நாங்க பேசாம போயிருவோம். பதில் சொல்றவங்க இதுவரைக்கும் அந்தப் படகுல ஏறல."

இதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தானா என்று அவள் கேட்கவில்லை. படகை உடைத்து அடுப்புக்குக் கொடுத்துவிடும்படி காமிலிடம் சொன்னாள். வெயில் காலத்தில் ஒரு முறை மட்டும் என்று அவன் இழுத்தான். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

காரில் ஏறும்போது நூருல் இனாயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்புகள் சத்தமிட்டன.

"நான் ஒண்ணும் கேக்கல்ல, ராத்தா," என்றாள். "நீங்க தவறி விழுந்தீங்க. அவ்வளவுதான்."

பொய் சொல்லவும் தெரிந்த குடும்பம்தான் என்று ஸைனப் முதல் தடவையாக அவளை மதித்தாள். குளத்தில் பேய் பிடித்த வீட்டுப் பெண் என்று ஒரு சொல் வெளியே போனால் நளீராவை எவன் எடுப்பான்? இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்து நிக்காஹ் நடந்தது. நளீரா நன்றாக இருந்தாள். பண்டாரவளைக் குளிரில் கன்னம் சிவந்து, மாமிக்கு லீக்ஸும் கரட்டும் கட்டி அனுப்பினாள்.

பதுளை வீட்டின் உள்ளறையில் ஸைனப் தனியாகத் தொழுதாள். தொழுகையின் முடிவில் வலப்பக்கம் திரும்பி ஒரு சலாம், இடப்பக்கம் திரும்பி ஒரு சலாம். ஆயுள் முழுவதும் செய்து வந்தது. இப்போது இடப்பக்கம் சொல்லும் சலாத்துக்கு, ஆளில்லாத அறையில், பதில் வந்தது.

ஒவ்வொரு வேளையும் வந்தது. பணிவாக, முழுமையாக.

அந்தச் சலாத்தைச் சொல்லாமல் விட்டால் தொழுகை நிறைவேறாது. தம்பியிடம் சொல்ல முடியாது. சொன்னால் பள்ளிவாசல் மோதினாரைக் கூப்பிடுவான், மோதினார் வந்தால் தெருவே வரும். தன்னுடைய விருந்தாளியைத் தானே பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் பிற்பகல் அஸர் வேளையில் தொழுகை விரிப்பான முஸல்லாவை இழுத்து இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பூனைகூட நுழைய முடியாது. தொழுது முடித்து வலப்பக்கம் சலாம் சொன்னாள். இடப்பக்கம் திரும்பினாள். கன்னத்தருகே வெறும் சுண்ணாம்புச் சுவர். சலாம் சொன்னாள்.

பதில் வரவில்லை.

காத்திருந்தாள். சுவர் சுவராகவே இருந்தது. ஸைனபின் உதட்டோரம் இகழ்ச்சியாக ஒரு சிரிப்பு வந்தது. முஸல்லாவை மடிக்கக் குனிந்தாள்.

நனைந்த புதுத்துணி வாடை, வலப்பக்கத்திலிருந்து, அதே முஸல்லாவின் மேலிருந்தே வந்தது.

"கொஞ்சம் தள்ளி இருங்க, தங்கச்சி," என்றது குரல். "எடம் பத்தல்ல."